ஆறு ராக்கெட்டும் ஒரு பாபினும்

மார்ச் 8

கீழ்வீட்டுத் தையல் அக்காவுக்கு,

நேற்று நீங்கள் மாடிப்படியில் நின்று போட்ட சத்தம் நான் விட்ட ராக்கெட்டைவிடப் பெரியது. ராக்கெட்டாவது மேலே போய் வெடித்தது. நீங்கள் பாதிப் படியிலேயே வெடித்துவிட்டீர்கள்.

"நீ பண்ணின காரியத்துல என் பாபின் ஓடியே போயிடுச்சு. இனிமே என் வாசப்படி மிதிக்காதே. ஏதாவது சொல்லணும்னா எழுதிப் போடு!" என்றீர்கள். எழுதிப் போடுகிறேன். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது, அது போதும்.

நடந்ததை நேராகச் சொல்கிறேன். மாலை ஏழு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து ஆறு ராக்கெட் விட்டேன். மூன்று ஒழுங்காகப் போயின. நான்காவது, எதிர்வீட்டு டீச்சர் காயப்போட்டிருந்த போர்வையை நலம் விசாரித்துவிட்டுப் போனது. மற்ற இரண்டும் நல்ல பிள்ளைகள். இது விளையாட்டு இல்லை அக்கா, ஒத்திகை.

அப்பா கப்பலில் இன்ஜின் மெக்கானிக். ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது நம் மேட்டுத் தெருவுக்கு நேரே கடலில் கடந்து போகும். அப்போது நான் மாடியிலிருந்து ராக்கெட் விடுவேன், அவர் மேல்தளத்துக்கு ஓடிவந்து பார்ப்பார். ஏழு வயதிலிருந்து இது எங்கள் வழக்கம். நீங்கள் போன ஆகஸ்டில்தான் குடிவந்தீர்கள், அதனால் தெரியாது. போன தடவை மூடுபனி. பதினைந்து விட்டேன், அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வந்து இறங்கியதும், "மறந்துட்டியாடா குட்டி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை 21ஆம் தேதி ஏழு மணிக்குக் கப்பல் வருகிறது. அதற்குள் எது எவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. உங்கள் தையல் மிஷின் காலை ஆறரையிலிருந்து கடகட கடகட. என் படுக்கைக்கு நேர் கீழே. நான் ஒரு நாளாவது படியில் நின்று கத்தியிருக்கிறேனா? உங்கள் சத்தம் தொழில், என் சத்தம் தொல்லையா?

பாபின் வந்துவிடும். பூனைக்கு வழி சொல்லித்தர வேண்டுமா என்ன?

வருத்தத்துடன் (ஓரளவு),
மேல்வீட்டுப் பெண்


மார்ச் 9

மேல்வீட்டு வாலுக்கு,

பழுப்புத் தாளில் எழுதுகிறேன். சட்டை அளவு வெட்டுகிற தாள். நல்ல தாளை உனக்குச் செலவழிக்க மனமில்லை.

பாபின் தனியாக ஓடவில்லை. அவள் குட்டி போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மூன்று குட்டிகள். மிஷினுக்குக் கீழே துண்டுத்துணிக் கூடையில் வைத்திருந்தாள். உன் முதல் ராக்கெட்டுக்குக் காதை மடக்கினாள். இரண்டாவதுக்குக் கூடையை விட்டு எழுந்தாள். மூன்றாவதுக்கு ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியே போனாள். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே ஓடுவதற்குள் திரும்பி வந்து இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவதை எடுக்க எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. படியில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

மிஷினைப் பற்றிக் கேட்டாய். என் மிஷின் காலை ஆறரைக்குத் தொடங்கும், இரவு எட்டுக்கு நிற்கும். எப்போது வரும், எப்போது போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பாபின் பிறந்ததே அந்தச் சத்தத்தில்தான். உன் சத்தம் சொல்லாமல் வருகிறது. யானைகூட மணியோசையை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் வருகிறது. டீச்சர் வீட்டு நாய் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறதாம், சாப்பிடக்கூட வரவில்லையாம்.

போன மாதம் என் அலமாரிக்குப் பின்னால் பழைய போனில் பூனைக் குரலை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் என்னைத் தரையில் தவழவிட்டவள் நீ. அதற்கும் நான் சும்மாதான் இருந்தேன். இது அப்படி இல்லை.

தையல்காரி


மார்ச் 11

அக்காவுக்கு,

இன்று பள்ளியில் பேருந்துக் காசை எடுக்கப் பேன்ட் பையில் கைவிட்டேன். கை போகவில்லை. இன்னொரு பையைப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. நீளம் இறக்கித் தரச் சொல்லி அம்மா கொடுத்த பேன்ட்டில் இரண்டு பைகளையும் தைத்து மூடியிருக்கிறீர்கள்! தையல் எவ்வளவு பொடியாக இருக்கிறதென்றால், கணக்கு வாத்தியார் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது கைதேர்ந்த வேலைம்மா" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது தெரியாமல் ஆறேழு மாதத்தை வீணாக்கிவிட்டேன்.

சரி. வேலைக்கு வருகிறேன். சாக்கடைப் பலகைக்கு அடியில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையில், மரக்கடையில் அடுக்கியிருக்கும் பலகைகளுக்கு நடுவில் எல்லாம் பார்த்தேன். மரக்கடைக்காரர், "என்னத்தைத் தொலைச்சே?" என்றார். "பூனையை" என்றேன். "அது தொலையாதும்மா, நாமதான் தொலைவோம்" என்றார். ஆறுதலாக இல்லை.

எதிர்வீட்டு நாயையும் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலுக்கு அடியில் மூக்கு மட்டும் தெரிந்தது. ரொட்டித் துண்டை நீட்டினேன். ரொட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தது. கையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்ததோ என்னவோ.

ஆனால் 21ஆம் தேதி ராக்கெட் போகும் அக்கா. அதை மட்டும் கேட்காதீர்கள். மீதி இருபத்துநான்கும் மாடி அறையில், வைக்கோலடைத்த அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒத்திகை முடிந்த கையோடு அறையைப் பூட்டிவிட்டேன், சாவி என்னிடம். அதுவரை ஒரு பொட்டு வெடிகூடக் கிடையாது, சத்தியம். யானைக்கு மணி உண்டு, சரி. பூனைக்கு மணி கட்டுவது யார் என்றுதான் ஊரே கேட்கிறது. நான் கட்டுகிறேன், முதலில் அகப்படட்டும்.

பைகளை இழந்த,
வாலு


மார்ச் 13

வாலுக்கு,

நீ மரக்கடை வரை போய்த் தேடியதை அவரே வந்து சொன்னார். தெரிந்துகொண்டேன்.

நான்கு நாளாகக் காலை முதல் மாலை வரை ஜன்னலைத் திறந்து வைத்து, நூல் கோக்காமல் மிஷினை வெறுமனே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால் வருவாள் என்று ஒரு நினைப்பு. வாடிக்கைக்காரர்கள் வந்து என்ன தைக்கிறேன் என்று எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் தைக்கவில்லை என்றால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஜன்னலில் வைத்த பால் தினமும் காலியாகிறது. எந்தப் பூனை குடிக்கிறதோ.

உன் அப்பா விஷயத்தை யோசித்தேன். காத்திருப்பது எப்படி என்று இப்போது எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். கப்பல் கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளிப் போகிறது. உன் அப்பாவுக்கு வேண்டியது வெளிச்சம். சத்தம் யாருக்கு?

தையல்காரி


மார்ச் 14, மதியம்

அக்காவுக்கு,

கோபப்பட்டேன். பிறகு அப்பாவுக்குச் செய்தி அனுப்பி, "கப்பல்ல இருந்து வெடிச் சத்தம் கேக்குமாப்பா?" என்று கேட்டேன். இன்று காலை பதில் வந்தது: "இன்ஜின் ரூம்ல இருவது வருஷம் இருந்தவன்மா நான். பக்கத்துல நின்னு நீ கூப்பிட்டாலே பாதிதான் கேக்குது. வானத்துல வெளிச்சத்தைத்தான் பாப்பேன்."

ஒன்பது வருடமாக நான் சத்தத்தை இந்தத் தெருவுக்கும் வெளிச்சத்தை அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்கள் சந்தோஷத்தில் பாதிக்குப் பாதி நீங்கள் எல்லோரும் சுமந்தது. எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. உங்கள் மேல் இல்லை.

பட்டாசுக் கடைக்குப் போய்ச் சத்தமில்லாத ராக்கெட் கேட்டேன். "காரமில்லாத மிளகாய் கேக்கிற மாதிரி இருக்கு பாப்பா" என்றார். பூவாணம் காட்டினார். அது என் உயரத்துக்குத்தான் எழும்பும், கடலிலிருந்து தெரியாது. ஆக, எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். இப்போது மாடிக்குப் போய்ப் பெட்டியில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன்.

வாலு


மார்ச் 14, மாலை 4 மணி
(நூலில் கட்டி மாடியிலிருந்து உங்கள் ஜன்னலுக்கு இறக்குகிறேன்)

அக்கா, கத்தாதீர்கள். நானும் கத்தவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பாபின் இங்கே இருக்கிறது. மாடி அறையில், ராக்கெட் பெட்டிக்குள், வைக்கோல் மேல். காற்றுத் துளையில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, அந்த வழியாக வந்திருக்கிறது. நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் சீறுகிறது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடியதோ அந்தச் சத்தத்தின் வீட்டிலேயே குடித்தனம் வைத்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?


மார்ச் 14
(அதே நூலில்)

இது உண்மையா, இன்னொரு அலமாரி வேலையா? நான் உன்னை நம்பி இரண்டு மாடி ஏறி, அங்கே ஒரு போன் கத்திக்கொண்டிருந்தால் என்னால் தாங்க முடியாது. எத்தனை குட்டி உயிரோடு இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் என்ன அடையாளம்? குட்டிகளை உன் கண்ணில் நான் காட்டியதே இல்லை. சொல்.


மார்ச் 14
(மூன்றாம் தடவை நூல்)

மூன்று. மூன்றும் கண் திறந்துவிட்டன. ஒன்று முழுக் கறுப்பு. ஒன்று அம்மாவைப் போலக் கோடு போட்டது. மூன்றாவது சாம்பல் நிறம், ஆனால் பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, இன்னொரு காலுறையைத் துவைக்கப் போட்ட மாதிரி.

அலமாரி வேலைக்கு மன்னிப்பு. ஓரளவு இல்லை, முழு அளவு. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.


மார்ச் 16

அக்காவுக்கு,

மாடி ஏறி வந்தீர்கள், அழுதீர்கள், மூக்கைத் துடைத்தீர்கள், எல்லாம் சரி. ஆனால் நான் இரண்டடி தூரத்தில் நிற்கும்போது அம்மாவைப் பார்த்து, "அவளை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்க" என்கிறீர்கள். அம்மாவும் என் பக்கம் திரும்பி, "அந்தப் பக்கம் பிடிப்பியாம்" என்கிறாள். கடிதத்தில்தான் பேச்சு என்றால் கடிதத்திலேயே பேசுவோம், எனக்குக் கை வலிக்காது.

குட்டிகளை இடம் மாற்றினால் பாபின் மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் மிஷினையே மேலே கொண்டுபோவது என்று முடிவெடுத்தீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்த மிஷின் இரும்பா, மலையா? என் கால் கட்டைவிரல் இன்னும் நீலமாக இருக்கிறது. நீங்கள் பெடலை மிதித்ததும் பாபின் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் படுத்ததே, அப்போது உங்கள் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். பாபின் பாலுக்கு இறங்கின ஐந்து நிமிடத்தில் குட்டிகளுக்கு அடியிலிருந்து ராக்கெட்களை ஒவ்வொன்றாக உருவினேன். வெள்ளைக்கால் என் விரலைச் சப்பிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று துப்பியது.

அக்கா, 21ஆம் தேதி அதே மாடியில் நான் தீக்குச்சி கிழிக்க முடியாது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராக்கெட்களை அம்மாவின் வாளியில் தண்ணீரில் போட்டுவிட்டேன், ஊறிக்கொண்டிருக்கின்றன.

வெளிச்சம் மட்டும் போதும் என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். உங்கள் மேல் அலமாரியில் யாரும் வாங்காத ஆரஞ்சுத் துணி ஒரு சுருள் இருக்கிறதே (கண்ணாடி வழியாகப் பார்த்தேன், படி மிதிக்கவில்லை). அதை வீட்டுச் சுவர் அளவுக்குத் தைத்துத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்தால் இரண்டு மைலுக்குத் தெரியுமா?

வாலு


மார்ச் 17

வாலுக்கு,

நீளம் ஆறு மீட்டர், அகலம் நான்கு. ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைக்கிறேன், காற்றுக்குக் கிழியாது. மேலே எட்டு வளையம். கம்பி உன் பொறுப்பு, பல்பு உன் அம்மா பொறுப்பு.

ஒரு நிபந்தனை. அன்று கூட்டமும் வெளிச்சமுமாக இருக்கும். முன்னால் சொல்லிவிடு. வீடு வீடாகப் போய், உன் வாயால், நல்ல வார்த்தையில். நாய் வீட்டுக்கு முதலில் போ.

தையல்காரி


மார்ச் 22

அக்காவுக்கு,

நேற்று உங்கள் கண்ணில் படாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆறே முக்காலுக்குத் தெரு முழுவதும் மின்சாரம் போனதே, அப்போது நீங்கள் மிஷின் பக்கத்தில் பாபினோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் துணிக்குப் பின்னால் நின்றேன். பத்துப் பல்பும் செத்துவிட்டது. அம்மா, "போச்சுடி" என்றாள். கடலில் கப்பலின் விளக்குகள் முனையைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் கடந்துவிடும். போன தடவை அவர் கேட்ட கேள்வி காதுக்குள் கேட்டது.

வாளியில் நான் இருபத்துநான்கையும் போடவில்லை அக்கா. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று. அதை எடுத்தேன். தீப்பெட்டியும் கையில் இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ராக்கெட், யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மாடி அறையிலிருந்து கடகட கடகட என்று உங்கள் பெடல் சத்தம். கரண்ட் போனாலும் நிற்காத மிஷின். பக்கத்தில் வெள்ளைக்கால் எதையோ பார்த்துக் கீச்சென்றது. தீக்குச்சி கையிலேயே இருந்தது.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். முதலில் டீச்சர், ஒரு கையில் எமர்ஜென்சி விளக்கு, ஒரு கையில் நாய். "நீதான் வந்து சொல்லிட்டுப் போனியே, ஏழு மணின்னு. கரண்ட் போச்சுன்னதும் நீ என்ன பண்றியோன்னு வந்தேன்." பின்னால் மரக்கடைக்காரர், இரண்டு பெரிய டார்ச். கணக்கு வாத்தியார் நம் தெருவில்தான் இருக்கிறார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். போன்கள், சைக்கிள் விளக்கு, ஒரு குட்டிப் பையனின் மின்னும் செருப்புகூட வந்தது. எல்லோரும் துணிக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்று ஒரே சமயத்தில் பிடித்தார்கள். முன்பெல்லாம் நான் சொல்லாமல் ராக்கெட் விட்டபோது கதவைச் சாத்திக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

தெருவே இருட்டு. மேட்டில் எங்கள் மாடி மட்டும் ஆரஞ்சு.

ஏழு ஐந்துக்குச் செய்தி வந்தது. அப்பா: "நம்ம வீடு தீப்பிடிச்சிருச்சா???" அடுத்தது: "ரெண்டு பேரும் வெளியே வந்துட்டீங்களா?" அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னோம். பிறகு வந்தது: "கேப்டனையே கூப்பிட்டுக் காட்டிட்டேன். இது என் பொண்ணுன்னு."

நாய் குரைக்கவே இல்லை, கவனித்தீர்களா?

இருபத்துநான்காவதை இத்துடன் அனுப்புகிறேன். திரி அப்படியே இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

மகள்
(இன்றைக்கு மட்டும் வாலு இல்லை)


மார்ச் 23

வாலுக்கு,

நேற்று உன் அப்பா சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். தோள் அளவைச் சொன்னால் அவருக்குக் காது கேட்கவில்லை. தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினேன். மிஷினைக் கீழே இறக்கியதும் தானே குட்டிகளோடு கூடைக்குத் திரும்பிவிட்ட பாபின் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. என் சத்தம் அவளுக்குப் பழக்கம்.

"ஆரஞ்சுத் துணியில ஒரு சட்டை தைக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். அந்தத் துணிக்கு ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவை வேலை இருக்கிறது.

ராக்கெட் வந்து சேர்ந்தது. இருபத்துமூன்றுதான் வாளியில் இருந்தது என்று எனக்குப் பதினாறாம் தேதியே தெரியும். அளவெடுத்துப் பிழைப்பவள் நான், எண்ணாமல் விடுவேனா? கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. 21ஆம் தேதி பெடலை மிதித்துக்கொண்டே உன் காலடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்கால் இன்னும் ஐந்து வாரத்தில் தாயை விட்டு இருக்கும். யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறேன். விரலைத் துப்பினாலும் உன்னைத் தெரியும் அதற்கு.

இதுதான் கடைசிக் கடிதம். பழுப்புத் தாள் தீர்ந்துவிட்டது. இனிமேல் சொல்ல வேண்டியதை வாசலுக்கு வந்து சொல், படியை மிதித்தே வா.

பேன்ட்டை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு பையைப் பிரித்துவிட்டேன். இன்னொன்றைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா